சிறுவரும் போலீஸ் அதிகாரமும்

கல்பாக்கத்தை அடுத்துக் கடலோரமாய் அமைந்திருக்கும் புதுப்பட்டினம் என் ஊர். ஆசிரியப் பயிற்சி முடித்த நாள் முதல் ஓய்வு பெறும் வரை இந்தக் கரையோரப் பள்ளிகளிலேயே பணியாற்றித் தலைமையாசிரியனாய் வீடு திரும்பியவன் நான். வழக்கறிஞன் அல்லேன். சட்டத்தைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். சட்டம் தெரியாமையால் ஒரு பிழை செய்தவன் என்பதே என் தகுதி. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1994-ஆம் ஆண்டு. கடலோரச் சிற்றூர் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் நான் ஆசிரியன். அன்று தலைமையாசிரியர் விடுப்பிலிருந்தமையால் பொறுப்பு என் கையில் இருந்தது. இரண்டாம் பாடவேளையில் சீருடை அணிந்த காவலர் இருவர் வந்தனர். கடைத்தெருவில் ஒரு மிதிவண்டி காணாமற் போயிற்றாம். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் அந்தப் பக்கம் நின்றதை யாரோ பார்த்தார்களாம். பையனுக்கு அப்போது வயது பதின்மூன்று. அவனை வகுப்பிலிருந்து அழைத்தேன். அவனுடைய பையை என் மேசைமேல் கவிழ்த்துக் கொட்டினார்கள். இரண்டு நோட்டுப் புத்தகம், தூக்குப் பாத்திரம், ஆணி போன பம்பரம் ஒன்று, சிறிது தூண்டில் நரம்பு: இவ்வளவே விழுந்தன. மிதிவண்டி எப்படிப் பைக்குள் இருக்கும் என்று கேட்கவும் எனக்கு அன்று நா எழவில்லை. "சும்மா விசாரித்துவிட்டு அனுப்பிவிடுகிறோம், சார்" என்றார் ஒருவர். நானும் தலையசைத்தேன். வருகைப் பதிவேட்டில் அவனுக்கு அரை நாள் வருகை போட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

தந்தை கடலுக்குப் போயிருந்தார். தாய் மீன்கூடையுடன் சந்தைக்குப் போயிருந்தாள். மாலையில்தான் அவர்களுக்குச் செய்தி தெரிந்தது. இரவு ஒன்பது மணிக்குப் பையனை அனுப்பினார்கள். யாரும் அவனை அடிக்கவில்லை. காலையிலிருந்து இரவு வரை நிலையத்தில் ஒரு பலகையில் உட்கார வைத்திருந்தார்கள்; போவார் வருவார் எல்லாரும் பார்த்தார்கள். மிதிவண்டியை அதன் சொந்தக்காரருடைய தம்பியே எடுத்துப் போயிருந்தார் என்பது இரண்டு நாளில் தெரிந்தது. பையன் மறுபடி பள்ளிக்கு வரவில்லை. இரு முறை அவன் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் முறை போனபோது படகில் சென்றுவிட்டான் என்றார்கள்.

சில மாதங்கள் கழித்து, செங்கற்பட்டு நீதிமன்றத்தில் வழக்காடும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் என்னைத் தேற்றவில்லை. "சாட்சி சொல்ல அழைத்தார்களா, குற்றவாளி என்று பிடித்தார்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் விளக்கினார்: சாட்சியாக அழைத்திருந்தால், அப்போது நடப்பிலிருந்த குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 160-ஆம் பிரிவு, பதினைந்து வயதுக்கு உட்பட்ட பையனை அவன் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது, அவன் வீட்டுத் திண்ணையில்தான் விசாரித்திருக்க வேண்டும். குற்றம் செய்தவன் எனப் பிடித்திருந்தால், 1986-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி பெற்றோருக்கு அறிவித்திருக்க வேண்டும். ஜாமீனில் விட்டிருக்க வேண்டும். விடாவிட்டால் கூர்நோக்கு இல்லத்திலோ வேறு பாதுகாப்பான இடத்திலோ வைத்திருக்க வேண்டுமேயன்றிக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. "இரண்டில் எதுவாயினும் அந்தப் பலகைக்குச் சட்டத்தில் இடமில்லை" என்றார் அவர்.

நான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்தது பெரும்பாலும் இந்த ஒன்றே. சாட்சி என்று ஒரு வகை உண்டு. பிடிபட்டவர் என்று ஒரு வகை உண்டு. இரண்டுக்கும் விதிகள் உள்ளன. "சும்மா விசாரணை" என்று மூன்றாவதாக ஒரு வகையைச் சட்டம் அறியாது. ஆனால் சிறுவர்களுக்கு நேரும் தீங்கில் பெரும் பகுதி அந்த மூன்றாம் வகையில்தான் நேர்கிறது. எழுத்தில் ஏறாத மணி நேரங்கள் அவை. பதிவு இல்லை, ஆகவே வரம்பும் இல்லை.

நிற்க. இந்த வரம்புகள் நேற்றுத் தோன்றியவை அல்ல. எங்கள் செங்கற்பட்டுக்கு இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. சிறுவரைப் பெரியவர்களோடு சிறையில் அடைத்தால் திருடன் மகாதிருடனாய் வெளிவருவான் என்பதை வெள்ளையர் அரசும் உணர்ந்து, 1876-இல் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் செய்தது. அதன் வழி 1887-இல் செங்கற்பட்டில் சீர்திருத்தப் பள்ளி ஒன்று ஏற்பட்டது. நான் ஆசிரியப் பயிற்சி மாணவனாய் இருந்தபோது அதன் மதிலோரமாய்ப் பலமுறை நடந்து போயிருக்கிறேன். "அடங்காவிட்டால் செங்கற்பட்டுக்கு அனுப்பிவிடுவேன்" என்று பிள்ளைகளை மிரட்டும் தாய்மார்களை இக்கரையில் அக்காலத்தில் எத்தனையோ வீடுகளில் கேட்கலாம். நானும் வகுப்பில் ஓரிரு முறை அவ்வாறு மிரட்டியதுண்டு.

பிறகு 1920-இல் சென்னை மாகாணச் சிறுவர் சட்டம் பிறந்தது. இந்திய மாகாணங்களில் சிறுவருக்கென்று தனிச் சட்டம் செய்ததில் சென்னையே முதல். 1922-இல் வங்காளமும் 1924-இல் பம்பாயும் பின்தொடர்ந்தன. விடுதலைக்குப் பின் வந்த அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு, கைதான எவரையும் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்றது. 20-ஆம் பிரிவு, தனக்கு எதிராகத் தானே சாட்சியாகும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. "எவரையும்" என்ற சொல்லில் எட்டாம் வகுப்புப் பையனும் அடக்கம். இருந்தும் 1980-களில் நம் நாட்டுச் சிறைகளில் சிறுவர்கள் அடைபட்டுக் கிடந்தனர். ஷீலா பார்சே என்னும் பத்திரிகையாளர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். சிறுவரைச் சிறையில் வைக்கலாகாது என்று அந்நீதிமன்றம் 1986-இல் வற்புறுத்தியது. நாடு முழுமைக்கும் பொதுவான முதல் இளஞ்சிறார் நீதிச் சட்டமும் அவ்வாண்டே இயற்றப்பட்டது. அச்சட்டம் ஆண் பிள்ளைகளைப் பதினாறு வயது வரையே சிறுவராகக் கொண்டது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண் பெண் இருபாலாருக்கும் அதனைப் பதினெட்டாக்கியது. இன்று நடப்பில் இருப்பது 2015-இல் இயற்றப்பட்டு 2016 ஜனவரி 15 முதல் செயலுக்கு வந்த சட்டம். அதற்கு மத்திய அரசின் மாதிரி விதிகள் 2016-இல் வெளியாயின. இனி நான் சொல்வன இவ்விரண்டிலும் உள்ளவை.

இச்சட்டம் சொற்களிலேயே தன் நோக்கத்தைக் காட்டுகிறது. பதினெட்டு வயது நிரம்பாதவரை "குற்றவாளி" என்று அது கூறுவதில்லை; "சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை" என்கிறது. "கைது" என்னாமல் "பிடித்தல்" என்கிறது. பழிக்கும் சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்பதை ஒரு நெறியாகவே அது எழுதி வைத்திருக்கிறது. பெயர் மாற்றினால் நோய் தீருமா என்று சிலர் நகைப்பதுண்டு. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னே ஒருவனைத் "திருடன்" என்று அழைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும்.

எப்போது பிடிக்கலாம்? குற்றங்களை இச்சட்டம் மூன்றாக வகுக்கிறது. மூன்றாண்டுக்கு மேற்படாத தண்டனைக்குரியவை சிறு குற்றங்கள், குறைந்தது ஏழாண்டுத் தண்டனை உடையவை கொடுங்குற்றங்கள், இடைப்பட்டவை கடுங்குற்றங்கள். மிதிவண்டித் திருட்டு முதல் வகை. சிறு குற்றத்துக்கும் கடுங்குற்றத்துக்கும், பெரியவர் எவரும் உடன் சேராத வரையில், சிறுவன்மேல் முதல் தகவல் அறிக்கை பதியவே கூடாது என்கின்றன விதிகள். நிலையத்தின் நாட்குறிப்பில் செய்தியை எழுதி, பையனின் குடும்பச் சூழ்நிலை பற்றிய அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். எந்த நாளில் குழுமத்தின் முன் வரவேண்டும் என்பதைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். பிடிக்கும் அதிகாரம் கொடுங்குற்றங்களுக்கே உரியது. மற்றவற்றில் பிடிப்பது பிள்ளையின் நன்மைக்கே தேவை என்றால் மட்டுமே பிடிக்கலாம். ஆகவே எங்கள் பள்ளிக்கு வந்த காவலர்கள் இன்று வந்திருந்தால், பையனைத் தொடாமல் பெற்றோரிடம் ஒரு செய்தி சொல்லிச் செல்வதே அவர்கள் கடமையாக இருந்திருக்கும்.

பிடித்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தை நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். உதவி சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாதவர். பிள்ளை அவர் பொறுப்பில் சேர வேண்டும். அவர் சீருடையில் வரலாகாது. சாதாரண உடையிலேயே இருக்க வேண்டும். கை விலங்கு, சங்கிலி எதுவும் கூடாது. வலுக்கட்டாயம் கூடாது. குற்றம் இன்னது என்பதைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் உடனே சொல்ல வேண்டும். உடல்நலம் குன்றியிருந்தால் மருத்துவ உதவி வேண்டும். விசாரிக்கும்போது தாயோ தந்தையோ உடன் இருக்கலாம். செய்ததாக ஒப்புக்கொள் என்று நெருக்கக் கூடாது. முக்கியமாக, எந்த வாக்குமூலத்திலும் கையொப்பமிடச் சொல்லக் கூடாது. இதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்குவது நம் நாட்டில் பழைய பழக்கம்.

இருபத்து நான்கு மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். இதை மாணவர் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "ஒரு நாள் வரை வைத்துக்கொள்ளலாம்" என்று நினைக்கிறார்கள். சட்டத்தின் சொற்கள் "நேரம் சிறிதும் கடத்தாமல்" என்று தொடங்குகின்றன. இருபத்து நான்கு மணி என்பது மீறக் கூடாத எல்லையேயன்றி, வைத்திருக்கத் தந்த உரிமை அன்று. அந்த நேரத்துக்குள்ளும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. சிறையில் ஒருபோதும் வைக்கக் கூடாது. பிள்ளையை விடாவிட்டால் கூர்நோக்கு இல்லத்திலோ பாதுகாப்பான இடத்திலோதான் வைக்க வேண்டும். குழுமம் அன்று கூடவில்லை என்றால் அதன் உறுப்பினர் ஒருவர் முன் நிறுத்தலாம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை என்பது சாக்காகாது.

பெற்றோருக்கு அறிவிப்பது சிறு சடங்கு போல் தோன்றும். அதன் மதிப்பை அறிய அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைக் கேளுங்கள். 1964-இல் அரிசோனா மாநிலத்தில், ஜெரால்டு கால்ட் என்னும் பதினைந்து வயதுப் பையன் அண்டை வீட்டுப் பெண்மணியிடம் தொலைபேசியில் ஆபாசமாய்ப் பேசினான் என்று பிடித்தார்கள். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போயிருந்தனர். வீட்டில் ஒரு சீட்டுக்கூட எழுதி வைக்கவில்லை. புகார் கூறியவரை நீதிமன்றத்துக்கு அழைக்கவும் இல்லை; வழக்கறிஞரும் இல்லை. இருபத்தோரு வயது வரை, அஃதாவது ஆறு ஆண்டுகள், தொழிற்பள்ளியில் அடைக்க ஆணையாயிற்று. அதே குற்றத்தைப் பெரியவர் ஒருவர் செய்திருந்தால் ஐம்பது டாலர் வரை அபராதம், அல்லது இரண்டு மாதத்துக்கு மேற்படாத சிறை. 1967-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைத் தள்ளியது. சிறுவரின் நன்மைக்காகவே செய்கிறோம் என்று சொல்லி அவர்களுடைய உரிமைகளைப் பறிக்கலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். "பிள்ளை திருந்தட்டும்" என்ற நல்ல எண்ணத்தில் எத்தனை கதவுகள் பூட்டப்படுகின்றன என்பதை ஆசிரியர்களாகிய நாங்களும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனிச் சோதனை. சிறுவர்களைச் சோதனையிடுவது பற்றி இளஞ்சிறார் நீதிச் சட்டத்தில் தனி அத்தியாயம் இல்லை. இது அச்சட்டத்தின் குறை என்றே நான் கருதுகிறேன். ஆகவே பொதுச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். 2024 ஜூலை முதல் நாளிலிருந்து பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடப்புக்கு வந்துள்ளது. அதன்படி, பிடிபட்டவரின் உடைமைகளைச் சோதித்து எடுத்தால், எடுத்தவற்றுக்கு ரசீது தர வேண்டும். உடுத்த உடையை எடுக்கக் கூடாது. பெண்ணைப் பெண்ணே சோதிக்க வேண்டும். அதுவும் கண்ணியம் சிறிதும் குறையாமல். பிடியாணையின்றி ஓர் இடத்தைச் சோதிக்க நேர்ந்தால், அதற்குத் தக்க காரணத்தை முன்கூட்டியே எழுத்தில் பதிய வேண்டும்; அக்கம்பக்கத்து மதிப்புடையோர் இருவரைச் சாட்சியாக வைத்துக்கொள்ள வேண்டும்; கைப்பற்றிய பொருள்களுக்குப் பட்டியல் எழுதிக் கையொப்பம் பெற வேண்டும். சோதனையை ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்பது புதிய சட்டம் சேர்த்த நல்ல விதி. 1994-இல் என் மேசைமேல் கொட்டிய பைக்குக் காரணம் எழுதியவர் இல்லை. பட்டியல் எழுதியவரும் இல்லை. பம்பரத்துக்கு ரசீது கேட்பதா என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். வேண்டியது ரசீது அன்று, "எதற்காகச் சோதிக்கிறீர்கள்?" என்று பெரியவர் ஒருவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அக்கேள்வி கேட்கப்படாமல் போவது நம் நாட்டில் மட்டும் அன்று. 2020 டிசம்பரில் லண்டன் மாநகரின் ஹாக்னி பகுதியில், பதினைந்து வயது மாணவி ஒருத்தி கஞ்சா வைத்திருக்கிறாள் என்ற ஐயத்தில் பள்ளியே போலீஸை அழைத்தது. பெண் காவலர் இருவர் அவள் ஆடைகளை நீக்கிச் சோதித்தனர். அந்நாட்டு விதிப்படி உடனிருக்க வேண்டிய பெரியவர் எவரும் இல்லை. பெற்றோருக்குச் செய்தி இல்லை. ஆசிரியர்கள் அறைக்கு வெளியே நின்றார்கள். கஞ்சா எதுவும் கிடைக்கவில்லை. 2022 மார்ச்சில் வெளியான விசாரணை அறிக்கை, அச்சோதனை நடந்திருக்கவே கூடாது என்றது. 2025-இல் காவலர் இருவர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அவள் பெயர் இன்றும் வெளியாகவில்லை. அந்த அறிக்கை பற்றிய செய்தியைப் படித்தபோது, வெளியே நின்ற ஆசிரியர்களைப் பற்றியே நான் வெகுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சாட்சியாக அழைப்பது பற்றி முன்பு சொன்ன 160-ஆம் பிரிவு, புதிய சட்டத்தில் 179-ஆம் பிரிவாக நிற்கிறது. பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆண், எவ்வயதினராயினும் பெண், உடல் அல்லது மனக் குறைபாடு உடையவர், கடும் நோயுற்றவர், இவர்களை வசிக்கும் இடத்துக்கு வந்தே விசாரிக்க வேண்டும். அறுபது வயதைக் கடந்த ஆணும் அப்பட்டியலில் உண்டு. பழைய சட்டத்தில் அது அறுபத்தைந்தாக இருந்தது. ஆகவே இன்று என் பேரனும் நானும் ஒரே பிரிவின் நிழலில் இருக்கிறோம்.

குற்றத்துக்கு ஆளான பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதலான காப்பு உண்டு. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோதான் வாக்குமூலம் பெற வேண்டும், கூடிய வரையில் பெண் சார்பு ஆய்வாளரே பெற வேண்டும், சீருடை கூடாது. எக்காரணம் பற்றியும் பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. மாமல்லபுரத்துக் கடற்கரையில் பாசிமணியும் சிப்பியும் விற்றுத் திரியும் சிறுவர்களைப் போன்றோரையும், ஊரை விட்டு ஓடிவந்தவர்களையும் சட்டம் வேறு வகையில் சேர்க்கிறது. அவர்கள் "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள்". குற்றம் செய்தவர்கள் அல்லர். போலீஸார் அவர்களைக் கண்டால் இருபத்து நான்கு மணிக்குள் குழந்தைகள் நலக் குழுமத்திடம் சேர்க்க வேண்டும்.

குழுமத்தின் முன் வந்த பிறகு என்ன? ஜாமீனே விதி, மறுப்பு விலக்கு. விட்டால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்வான், அவனுக்கே உடலுக்கோ மனத்துக்கோ ஒழுக்கத்துக்கோ தீங்கு நேரும், நீதியின் நோக்கமே கெடும் என்று நம்பத் தக்க காரணம் இருந்தால் மட்டும் மறுக்கலாம்; காரணத்தை எழுத வேண்டும். கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் பதினாறு முதல் பதினெட்டு வயதினரைப் பெரியவர்போல் விசாரிக்க வழி உண்டு. அதற்கு முன் அவர்களின் மனநிலை, அறிவுநிலை, சூழ்நிலை ஆகியவற்றைக் குழுமம் மதிப்பிட வேண்டும். அவர்களுக்கும் லாக்கப் கிடையாது; தூக்குத் தண்டனையும் கிடையாது. இவ்வளவு சலுகை தேவையா என்று கேட்போர் உண்டு. அதைப் பற்றி ஒரு முழு உரையே நிகழ்த்தலாம். இன்று அதற்குள் நான் புகவில்லை.

ஏட்டில் இவ்வளவு இருந்தும் நடப்பு என்ன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு அனாதை விடுதிகளில் குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமை பற்றி 2007-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்குத் தொடங்கிற்று. அது வளர்ந்து, நாடு முழுவதும் உள்ள குழந்தைகளின் நிலையை ஆராயும் வழக்காயிற்று. அவ்வழக்கில் 2020 பிப்ரவரி 10 அன்று நீதிபதிகள் தீபக் குப்தா, அனிருத்த போஸ் இருவரும் ஓர் ஆணை பிறப்பித்தனர். குழந்தைகள் லாக்கப்பில் வைக்கப்படுவதாகவும் அடிக்கப்படுவதாகவும் செய்திகள் வருகின்றன; அவ்வாறு வைக்கப் போலீஸாருக்கு உரிமையே இல்லை; இளைஞர் நீதிக் குழுமங்கள் வாய்மூடிப் பார்த்திருக்க ஏற்பட்டவை அல்ல; செய்தி தெரிந்தால் தாமாகவே தலையிட வேண்டும் என்றனர். நூறு ஆண்டுகளுக்கு முன்பே தனிச் சட்டம் பெற்ற நாட்டில் 2020-இலும் இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

செங்கற்பட்டிலேயே நிகழ்ந்ததையும் நீங்கள் அறிய வேண்டும். பழைய சீர்திருத்தப் பள்ளியின் வழிவந்ததே இன்றைய அரசினர் சிறப்பு இல்லம். 2022 டிசம்பர் இறுதியில், ரயில்வே பொருள் திருடியதாகப் பிடிபட்ட பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் அங்கே சேர்க்கப்பட்டான். சில நாட்களுக்குள் உயிரிழந்தான். அவனைத் தாக்கியதாக இல்லப் பணியாளர் அறுவர் 2023 ஜனவரியில் கைதாயினர். அதன்பின் ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவாக நியமித்து, இத்தகைய இல்லங்களைச் சீர்செய்ய அரசு பரிந்துரை கேட்டது. அச்சிறுவனின் பெயரை நான் இங்குக் கூறவில்லை. வழக்கில் சம்பந்தப்பட்ட சிறுவரின் பெயரையோ, பள்ளியையோ, படத்தையோ வெளியிடுவதை 74-ஆம் பிரிவு தடுக்கிறது. செய்தித்தாளுக்கு மட்டும் அன்று, கைப்பேசியில் படம் பிடித்துப் பலருக்கு அனுப்பும் உங்களுக்கும் அது பொருந்தும்.

அவனுடைய தாய் நினைத்திருப்பாள், சிறையில் அல்லவே, இல்லத்தில்தானே இருக்கிறான் என்று. லாக்கப்புக்குப் பதில் இல்லம் என்று சட்டம் எழுதியதே பாதுகாப்புக்காக. அந்தச் சொல்லுக்குப் பின்னால் மனிதர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதைச் சட்டம் மட்டும் உறுதி செய்துவிட இயலாது.

இனி என் தொழிலைச் சேர்ந்த ஒரு செய்தி. பையனுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது என்று போலீஸார் சொல்லலாம். ஆகவில்லை என்று தாய் சொல்லலாம். யார் சொல் நிற்கும்? சட்டத்தின் 94-ஆம் பிரிவு, பள்ளி தந்த பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழையே முதலில் பார்க்கிறது. அது இல்லையேல் நகராட்சி அல்லது ஊராட்சி தந்த பிறப்புச் சான்று. அதுவும் இல்லையென்றால்தான் எலும்பைச் சோதிக்கும் மருத்துவச் சோதனை. ஆகவே பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வரி ஒரு பிள்ளை லாக்கப்புக்குப் போவதா இல்லையா என்பதையே முடிவு செய்யக்கூடும். அந்த வரியை நாங்கள் எவ்வாறு எழுதினோம் தெரியுமா? அக்காலத்தில் ஜூன் மாதம் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். "புயல் அடித்த வருஷம் பிறந்தான், சார்" என்பார் தந்தை. ஐந்து வயது நிரம்ப வேண்டுமே என்று மே மாதத்தில் ஒரு தேதியை நாங்களே போட்டுவிடுவோம். எங்கள் பதிவேடுகளின்படி இக்கரையில் பிறந்த பிள்ளைகளில் பாதிப்பேர் மே மாதத்தில் பிறந்தவர்கள்! ஒன்றிரண்டு வயது கூட்டி எழுதியதும் உண்டு. அதனால் யாருக்கு என்ன தீங்கு என்று நினைத்தோம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தம் மகளைச் சேர்க்க வந்தார். மருத்துவமனைப் பிறப்புச் சான்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். நான் தேதியை எழுதி முடிக்கும் வரை மேசைக்கு எதிரே நின்று எழுத்தையே பார்த்தார். எழுதிய பின் ஒருமுறை படித்துக் காட்டச் சொன்னார். யாரென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்தப் பழைய நாளைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. கையொப்பமிட்டுவிட்டுப் போனார். பள்ளியில் கற்ற அதே எழுத்து.

மாணவ நண்பர்களே, உங்களையோ உங்கள் நண்பரையோ போலீஸார் நிறுத்தினால் ஓடாதீர்கள். ஓட்டத்தைக் குற்றத்துக்குச் சாட்சியாகக் கொள்ளும் மனிதர்கள் எங்கும் உண்டு. எதிர்த்துப் பேசவும் வேண்டாம். பெயரையும் உண்மையான வயதையும் சொல்லுங்கள். "அப்பாவுக்கு, அம்மாவுக்குச் சொல்ல வேண்டும்" என்று கேளுங்கள். குழந்தை நலக் காவல் அலுவலர் யார் என்று கேளுங்கள். எதிலும் கையொப்பமிடாதீர்கள். காவலர்களும் நம் வீட்டுப் பிள்ளைகளே. என்னிடம் படித்தவர்களே பலர் அவ்வுடை அணிந்திருக்கிறார்கள். பணிவோடு கேட்ட கேள்விக்கு அவர்களில் பெரும்பாலோர் பணிவோடு விடை சொல்வதை நான் பின்னாளில் கண்டிருக்கிறேன். ஆசிரியர்களுக்கு நான் சொல்வது வேறு: பிள்ளையை வகுப்பிலிருந்து அழைக்குமுன் "சாட்சியா, பிடிக்கிறீர்களா?" என்று கேளுங்கள், பெற்றோர் வரும் வரை உங்கள் அறையிலேயே உட்கார வையுங்கள், அழைத்துச் சென்றே தீர வேண்டுமென்றால் நீங்களும் கூடச் செல்லுங்கள். மணியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இரவும் பகலும் விடை தரும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரைக் கட்டணமின்றி அமர்த்தித் தரும். 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி, குழந்தையாக இருப்பதே அதற்குப் போதிய தகுதி, குடும்ப வருமானம் எவ்வளவு என்று கேட்கமாட்டார்கள். அதன் தொலைபேசி எண் 15100. விதி மீறப்பட்டதென்றால் இளைஞர் நீதிக் குழுமத்திடமோ மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடமோ ஒரு சாதாரணக் கடிதமாக எழுதி முறையிடலாம். தேதி, நேரம், இடம், உடனிருந்தவர் யார் என்ற நான்கும் அதில் இருக்கட்டும்.